எடுத்துத் தனியா வையுங்க, பேரைச் சொல்லுங்க

தி.நகர் பாத்திரக் கடைகளிலும், மயிலாப்பூர் மாட வீதிகளிலும், அடையாறு மருந்துக் கடைகளிலும் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் அண்ணாச்சிகளுக்கும், அக்கா, தங்கை, தம்பிகளுக்கும்,

உங்கள் கடைக்கு ஒரு வகை வாடிக்கையாளர் வருவார். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கையில் வெள்ளைக் கோல் இருக்காது. கறுப்புக் கண்ணாடி இருக்காது. வயது முப்பது, நாற்பதுதான். பெரும்பாலும் பெண். அலமாரிக்கு நேர் எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு மூக்குக்கு முன்னால் இருக்கும் பொருளையே "இருக்கா?" என்று கேட்பார். "எதிர்லயே இருக்கு பாருங்க மேடம்" என்பீர்கள். பார்ப்பார். அப்போதும் தெரியாது. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், உங்களுக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில் கடை திறந்தபோது ஊன்றிய கால், ஷட்டர் இறங்கும்வரை நிற்கிறது. உங்களுக்கு உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதற்கே 2021இல் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது.

அப்படி நிற்பவர்களில் சிலருக்கு இருப்பது கவனக்குறைவு இல்லை, ஒரு நோய். என் அக்காவுக்கு இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே, மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையை அரித்துவிடுகின்றன. மயலின் எனப்படும் அந்தக் கொழுப்புறை போன இடத்தில் சேதி மெதுவாகப் போகும், தடுமாறும், சில சமயம் நின்றே போகும். அந்த இடங்கள் தழும்பாகத் தடித்துப்போவதை 1868இல் பாரிஸில் ஷார்க்கோ என்ற மருத்துவர் விரிவாக எழுதிவைத்தார். உலகில் 28 லட்சம் பேருக்கு மேல் இந்த நோயோடு வாழ்கிறார்கள். இருபது வயதுக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. தழும்பு எங்கே விழுகிறதோ அதற்கேற்ற தொல்லை. ஒருவருக்குக் கால் மரத்துப்போகும், ஒருவருக்குப் பேச்சு குழறும், ஒருவருக்கு அசதி ஆளையே சாய்த்துவிடும். சுமார் ஐந்தில் ஒருவருக்கு முதல் அறிகுறி கண்ணில்தான் தெரியும். விழியை அசைத்தால் வலி, ஓரிரு நாளில் ஒரு கண்ணில் பார்வை மங்கல். சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும். திரும்பியது போல இருக்கும் என்று சொல்வதுதான் சரி.

"கண் டாக்டர்கிட்ட காட்டிக் கண்ணாடி மாத்தலாமே" என்று நீங்களே அன்பாகச் சொல்லியிருக்கிறீர்கள். கண் வைத்தியத்துக்குச் சென்னையில் என்ன குறை? எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819இல் தொடங்கியது. சங்கர நேத்ராலயா 1978இலிருந்து நடக்கிறது. ஆனால் கண் சோதனை என்றாலே நமக்கு நினைவு வருவது எழுத்துப் பலகைதான். நெதர்லாந்தில் ஸ்னெல்லன் என்பவர் 1862இல் வெளியிட்டது. வெள்ளைப் பலகையில் கன்னங்கறுத்த எழுத்து, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, அசையாமல், நல்ல வெளிச்சத்தில். படிக்கச் சொல்பவருக்கும் அவசரமில்லை. அக்கா கடைசி வரிவரை படித்துவிடுவாள். ரிப்போர்ட்டில் 6/6 என்று போட்டிருக்கும். அந்தப் பலகை மாதிரி ஒரு கடை தி.நகரில் இருந்தால் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். வெள்ளைப் பீங்கான் தட்டில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தால், இட்லி எங்கே முடிகிறது, சட்னி எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பாள். அதையே வாழையிலையில் வைத்தால் பேசிக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவாள். நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறைய அவள் கண்ணுக்குப் பொருள் கரைந்துபோகிறது. இதை அளக்கத் தனிப் பலகை உண்டு. பெல்லி, ராப்சன் பேரில் 1988இல் வந்தது. எல்லா எழுத்தும் ஒரே அளவு, ஆனால் போகப் போக வெளிறிக்கொண்டே போகும். ஸ்னெல்லன் பலகையில் முழு மதிப்பெண் வாங்கும் எம்.எஸ். நோயாளிகள் பலர் வெளிறிய எழுத்துகளில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொன்று நேரம். 1972இல் லண்டன் மருத்துவர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையில் சதுரங்கக் கட்டங்கள் கறுப்பும் வெள்ளையுமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும். பின்மண்டையில் ஒட்டிய மின்முனை, மூளை அதைப் பெற்றுக்கொண்ட கணத்தைப் பதியும். பத்தில் ஒரு விநாடியில் வந்துசேர வேண்டிய அலை, பார்வை நரம்பு ஒருமுறை வீங்கி ஆறியவர்களுக்குத் தாமதமாக வருகிறது. பார்வை திரும்பி, பலகையை நன்றாகப் படிக்கிறவர்களுக்கும் அப்படித்தான். இந்தச் சோதனையை இன்று சென்னையிலும் செய்கிறார்கள். அந்த அலை வரையும் மேடு பள்ளத்தைத் தாளில் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "அவ சும்மா சொல்லலை" என்று ஒத்துக்கொண்டார்கள்.

கண்ணோடு வேலை முடிவதில்லை என்பதுதான் உங்கள் கடையைப் பொறுத்தவரை முக்கியமான சேதி. கண் அனுப்பியது மூளையின் பின்பகுதிக்குப் போகும். அங்கிருந்து கிளம்பிக் காதோரம் உள்ள பக்கமூளையின் அடிப்பகுதிக்குப் போகும் வழியில்தான், கோடுகள் சேர்ந்து உருவமாகி, உருவம் 'தூக்கு' என்றோ 'சம்புடம்' என்றோ ஆகிறது. எது எதன் முன்னால் இருக்கிறது, எந்த விளிம்பு யாருடையது என்று பிரிப்பது ஒரு வேலை. பிரித்த உருவம் முன்பே பார்த்த பொருள்தானா என்று ஒப்பிடுவது இன்னொரு வேலை. அது எதற்கு உதவும், பேர் என்ன என்று எடுத்துக் கொடுப்பது மூன்றாவது. எல்லாம் நீண்ட நரம்பிழைகளின் வழியாக நடக்கிறது. எம்.எஸ். அரிப்பதும் அந்த இழைகளைத்தான். பின்லாந்து ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இந்த நோயால் சிந்தனை வேகமும் நினைவும் குறைந்தவர்களுக்குப் பொருளை அடையாளம் காண்பதில் ஒரு படியில் மட்டுமல்லாமல் பல படிகளில் சிக்கல் இருப்பதைக் காட்டியது. எம்.எஸ். உள்ள எல்லோருக்கும் இப்படி இல்லை. பொருளே அடியோடு பிடிபடாத நிலை மிக அரிது. பெரும்பாலோருக்கு இருப்பது தாமதமும் தடுமாற்றமும்தான். அதுவும் கூட்டத்தில், குவியலில், களைப்பில்.

இப்போது உங்கள் கடைக்கே வருகிறேன். முதலாம் உலகப் போரில் தலையில் அடிபட்ட சிப்பாய்களைச் சோதித்த ஜெர்மானிய மருத்துவர் பொப்பல்ராய்ட்டர், 1917இல் ஒரு படம் வரைந்தார். ஒரு சுத்தியல், ஒரு வாளி என்று நாலைந்து பொருள்களின் கோட்டுருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, என்னென்ன இருக்கிறது சொல் என்பார். தனித்தனியே காட்டினால் சட்டென்று சொல்கிறவர், மேலே மேலே போட்டுக் காட்டினால் திணறுவார். அந்தச் சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதைப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரங்கநாதன் தெருப் பக்கம் எவர்சில்வர் மாடி ஒவ்வொன்றும் அந்தப் படம்தானே! அடுக்குக்குள் அடுக்கு, அதன் மேல் தட்டு, தட்டு மேல் டபரா, கொக்கியில் தொங்கும் கரண்டிகள். எல்லாமே ஒரே வெள்ளி நிறம். ஒவ்வொன்றிலும் பக்கத்துப் பாத்திரம் தெரிகிறது, உங்கள் சட்டை தெரிகிறது, மேலே எரியும் எல்.இ.டி. விளக்கு பத்து இடத்தில் பளிச்சிடுகிறது. எந்த விளிம்பு எந்தப் பாத்திரத்துக்கு என்று பிரிக்க நல்ல மூளைக்கே ஒரு நொடி ஆகும்.

போன ஆடியில் அக்காவோடு அப்படி ஒரு மாடியில் நின்றேன். அவளுக்கு வேண்டியது மூடி போட்ட தயிர்ச் சம்புடம். மூன்றாம் தட்டில் வரிசையாக இருந்தது. அவள் அதன் மேலேயே கண்ணை ஓட்டினாள், தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள். விற்பனையில் நின்ற பெண், தென்காசிப் பக்கத்துப் பேச்சு, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சம்புடத்தை உருவி எடுத்து, பில் போடும் மேசையில் கிடந்த பச்சை விரிப்பின் மேல் தனியாக வைத்து, மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்து, "தயிர்ச் சம்புடம்க்கா. இது ஒரு லிட்டர்" என்றாள். அக்கா உடனே, "இதைவிடச் சின்னதா வேணும்மா" என்றாள். அவ்வளவுதான் விஷயம். குவியலிலிருந்து பிரித்தாள், நிறம் மாறிய தரையில் வைத்தாள், பேர் சொன்னாள். மூளை செய்யத் திணறிய மூன்று வேலையையும் அந்தப் பெண் கையாலும் வாயாலும் செய்து கொடுத்துவிட்டாள். யாரும் அவளுக்குப் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதே வேலையைப் பரம்பரையாகச் செய்கிறவர்கள் பனகல் பார்க் பக்கம் இருக்கிறார்கள், பட்டுச் சேலைக் கடைக்காரர்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. சேலையை ஒவ்வொன்றாகத்தான் உதறி விரிப்பார்கள். விரிக்கும்போதே அரக்கு, மயில்கழுத்து, மாம்பழம், எம்.எஸ். ப்ளூ (இது பாடகி எம்.எஸ்.) என்று பேர் சொல்லிக்கொண்டே போவார்கள். பார்வை நரம்பு அடிபட்டவர்களுக்குச் சிவப்பு வெளுத்துத் தெரியும். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் ஒரு அரக்கு, மறு கண்ணுக்கு வேறு அரக்கு. கடைக்காரர் வாய்ப்பேச்சை நம்பித்தான் அக்கா பார்டர் பொருத்தம் பார்க்கிறாள். ஒரே ஒரு வேண்டுகோள். பத்துச் சேலைக்கு மேல் விரித்த பிறகு மெத்தையும் ஒரு குவியல்தான். வேண்டாம் என்றதை அப்போதைக்கப்போது மடித்து ஓரம் வைத்துவிடுங்கள். மடிக்கிற தம்பி திட்டுவான், தெரியும்.

மளிகையிலும் அப்படித்தான். பெரிய சூப்பர் மார்க்கெட்டைவிடத் தெருமுனை அண்ணாச்சி கடை அவளுக்குச் சுலபம். "அண்ணாச்சி, பயத்தம்பருப்பு அரைக்கிலோ" என்றால் கையில் வரும். தேட வேண்டியதில்லை. மாட வீதிக் கீரைக்கார அம்மாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் வித்தியாசம் தெரியாமல் விழிக்கும் நல்ல கண்காரர்களே பாதி மயிலாப்பூரில் இருப்பதால், அவர்கள் யாரையும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. கட்டைத் தூக்கிக் காட்டிப் பேர் சொல்லிவிடுகிறார்கள். நவராத்திரிக்கு முன்னால் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை விற்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. செட்டு செட்டாக நெருக்கி வைத்த பொம்மைகளில் எது கிருஷ்ணன், எது கோபிகை என்று பிரிவதே இல்லை. கேட்டால் ஒரு பொம்மையை வெளியே எடுத்து, பின்னால் ஒரு வெற்று அட்டையைப் பிடியுங்கள்.

தொடுவதைத் தடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கண் வழியாக அடையாளம் காண முடியாதவர், அதே பொருளைக் கையில் வாங்கியதும் சொல்லிவிடுவார். விரலிலிருந்து மூளைக்குப் போகும் வழி வேறு. கரண்டியின் காம்பு, மூடியின் திருகு, சம்புடத்தின் கனம், எல்லாம் கைக்குத் தெரியும். நீங்களோ 'பொருள்களைத் தொடாதீர்கள்' என்று பலகை மாட்டி வைத்திருக்கிறீர்கள். கண்ணாடிச் சாமானுக்குச் சரி. எவர்சில்வர் கரண்டி தொட்டால் தேய்ந்தா போகும்? ஒவ்வொரு சாமானாகத் தொட்டுத் தொட்டு நிற்கிறவரைக் கண்டால் வாசலில் பை பார்க்கும் தம்பிக்குச் சந்தேகம் வருகிறது, பின்னாலேயே வருகிறார். எம்.எஸ். உள்ளவருக்கு நடை தள்ளாடலாம், பேச்சு குழறலாம். குடித்திருக்கிறார் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள், பட்டப்பகலில், ஒரு பெண்ணைப் பார்த்து. அடையாளச் சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டா கடைக்கு வர முடியும்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டபோது, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸைப் பேர் சொல்லியே சேர்த்திருக்கிறது. முந்தைய 1995 சட்டத்தில் அது இல்லை. சட்டத்துக்குத் தெரிந்தது வாசலில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும், முதலாளிமார்கள் சொல்லிக் கொடுங்கள்.

மருந்துக் கடைக்காரர்களே, உங்களிடம் பயம் கலந்த மரியாதையோடு பேசுகிறேன். பாத்திரம் மாறினால் திருப்பிக் கொடுக்கலாம். மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே வெள்ளித்தாள், அதன் மேல் சாம்பல் எழுத்து. வெளிறிய எழுத்துப் பலகையைவிட மோசம். அக்கா சாப்பிடும் தசை இறுக்க மாத்திரையும், இரத்த அழுத்த மாத்திரையும் அடுத்தடுத்து வைத்தால் எனக்கே குழப்பம். கவரில் போட்டு, கறுப்பு மார்க்கரால் பெரிதாக 'காலை', 'இரவு' என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு மருந்தை ஒரே கவரில் திணிக்காதீர்கள். போன மாதம் ஒரு கம்பெனி, இந்த மாதம் வேறு கம்பெனி என்று மாற்றித் தரும்போது, மருந்து ஒன்றுதான், அட்டை வேறு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவள் அட்டையின் உருவத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பாள். அது மாறினால் மருந்தையே ஒதுக்கி வைத்துவிடுவாள்.

சில்லறை கொடுக்கும்போது தூக்கிப் போடாதீர்கள். ஒரு கண்ணின் சேதி மற்றதைவிடத் தாமதமாக வரும்போது, அசையும் பொருள் இருக்கும் இடத்தில் தெரியாது, முன்னேயோ பின்னேயோ தெரியும். 1922இல் இதை விளக்கி எழுதிய ஜெர்மானிய இயற்பியலாளர் புல்ஃப்ரிஷ்ஷுக்கு ஒரு கண் பார்வை கிடையாது. தன் பேர் தாங்கிய விளைவை அவரால் பார்க்கவே முடியவில்லை. பொருளைக் கவுன்டரில் வைத்துவிட்டு, "இங்க வெச்சிருக்கேன்" என்றால் போதும். நோட்டையும் எண்ணிச் சொல்லிக் கொடுங்கள். இப்போதைய இருபதும் இருநூறும் மஞ்சள் குடும்பம். நூறுக்கும் இருநூறுக்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும் 'மணி' என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்டது. கூட்டத்தில் செல்போனைப் பிடித்துக்கொண்டு யார் நிற்பது? ஜிபே வந்ததில் பாதித் தொல்லை தீர்ந்தது என்பது உண்மை.

அடுத்தது, வெயில். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே, உறை தேய்ந்த நரம்பில் சேதி இன்னும் தடுமாறும். நடந்து களைத்தவர்களுக்குப் பார்வை மங்கி, ஓய்வெடுத்தால் திரும்புவதை உட்ஹோஃப் என்ற ஜெர்மானிய கண் மருத்துவர் 1890இல் எழுதிவைத்தார். ஒரு காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்தே நோயைக் கண்டுபிடித்தார்கள். நமக்குத் தொட்டி வேண்டாம், கத்திரி வெயிலில் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி உங்கள் கடைவரை நடந்தால் போதும். ஸ்டேஷனில் இறங்கும்போது தெளிவாகப் பார்த்த அக்கா, கடைக்குள் வந்து கால் மணி நேரத்துக்கு எதையும் பிரித்தறிய மாட்டாள். பிறகு சரியாகிவிடும். மயக்கம், வலிப்பு என்று பதறி ஆட்டோவைக் கூப்பிட வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே ஒரு ஸ்டூல், ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர். தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் தந்தால் அளவு தெரியாது. பாதி மட்டும் ஊற்றிக் கையில் கொடுங்கள்.

ஒரு காரியம் மட்டும் இப்போதே செய்யலாம். தீபாவளிக்கு முன்னால் மாடி மாடியாகச் சரக்கை இடம் மாற்றுவீர்கள். சென்ற முறை எந்தத் தூணுக்குப் பக்கத்தில் எது இருந்தது என்று மனத்தில் வரைபடம் போட்டு வைத்துக்கொண்டுதான் அக்காவைப் போன்றவர்கள் கடைக்குள் நுழைகிறார்கள். மாற்றினால் வாசலில் ஒரு பெரிய பலகையில், மஞ்சள் மேல் கறுப்பில், எழுதி வையுங்கள்: டிபன் கேரியர் இரண்டாம் மாடி, குக்கர் தரைத்தளம். கூடவே வாரநாளில் எந்த நேரம் கூட்டம் குறைவு என்பதையும் எழுதுங்கள். நாங்கள் அப்போது வருகிறோம். எங்களுக்குப் பின்னால் ஆறு பேர் நிற்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
மயிலாப்பூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்